மாதிரிக்காக ஊதிய மூச்சு

ஜெயா, என் ஜெயராணி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செம்பூர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். நேற்று லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் "பைட்டோ நா, ஆன்ட்டி" என்று இரண்டு முறை இடம் காட்டினாள்.

யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, இதைக் கேட்க வேண்டிய ஆள் நீ மட்டும்தான் என்று தெரிந்தது. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்வேன். பொறுத்துக்கொள்.

நான் இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடல்நல அறிவியல் துறையில் பாடம் எடுப்பவள். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் இல்லை. நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்பவள். தாராவிச் சந்துகளில் நீ என்னை அறிமுகப்படுத்துவது எப்படி என்று ஞாபகம் இருக்கிறதா? "இவிய டாக்டருதான், ஆனா மருந்து எழுதத் தெரியாது." எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கப்புறம் எந்தக் கதவும் எனக்கு மூடியிருந்ததில்லை.

களப்பணியாளர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த அன்று உன் கையில் இருந்தது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதற்கு முன் பதினோரு வருடம் தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் கொட்டகைகளில் வேலை பார்த்திருந்தாய். உடைந்த பொம்மை, பழைய கேன், பேனா மூடி எல்லாவற்றையும் நிறம் பிரித்து மிஷினில் கொட்டி அரைக்கும் வேலை. "இந்த வேலை எதற்கு வேண்டும்?" என்று கேட்டேன். "வீடு வீடாப் போயி பேசணும்னு சொன்னாவ. அத நான் சும்மாவே செய்வேன்" என்றாய். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

என்னை மேடம் என்று அழைக்க உனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. "அக்கான்னா மரியாதை குடுக்கணும். மைனின்னா கேலி பண்ணலாம்லா" என்று நீயே முறை வைத்தாய். உங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரின் அக்காவும் மைனிதான். அதனால் உன் வீட்டுக்காரர் ஆசீருக்கு நான் அக்கா ஆனேன். உன் மகள் ஷாரனுக்கு அத்தை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் எங்கள் வீட்டில் மன்னி என்று சொல்லித்தான் பழக்கம். மைனி என்று என்னை யாரும் அதற்கு முன் அழைத்ததில்லை. இனியும் யாரும் அழைக்கப்போவதில்லை.

முதல் நாள் பயிற்சிக்கு வந்தபோது துறையின் தாழ்வாரத்தில் ஒரு பெரிய பலகை இருந்தது. நாங்கள் எந்தெந்தப் பிரிவுகளில் ஆராய்ச்சி செய்கிறோம் என்ற பட்டியல். நீரிழிவு, இதயநோய், புற்றுநோய், தாய்சேய் நலம், காசநோய், மனநலம், மரபணு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாய். சில ஆங்கிலச் சொற்களுக்கு என்னிடம் அர்த்தம் கேட்டாய். கடைசி வரிக்கு வந்ததும் திரும்பிப் பார்த்து, "இதுல எங்க கொட்டகையில வேல பாக்குதவங்க எங்க இருக்காவ மைனி?" என்றாய்.

"காசநோயில் வருவார்கள்" என்றேன்.

"காசம் இல்லாம இருமுதவங்க?"

அந்த வருடம்தான் நான் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். அது ஏற்கப்பட்டு, பலகையில் ஒரு வரி கூடியது. விண்ணப்பத்தில் எனக்குத் தெரிந்த பெரிய பெரிய சொற்களையெல்லாம் போட்டேன். கேள்வி உன்னுடையது என்று எங்கும் எழுதவில்லை. நாங்கள் வெளியிட்ட முதல் கட்டுரையின் கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதில் உன் பெயர்கூட இல்லை.

பிறகு நான்கு வருடம் சந்து சந்தாகப் போனோம். மூச்சின் அளவைக் காட்டும் அந்தச் சின்ன மிஷின் உன் தோள்பையில்தான் இருக்கும். ஒரு குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பெண்கள் வெட்கப்படுவார்கள், கன்னத்தை மட்டும் உப்பி ஊதுவார்கள், பாதியில் சிரித்துவிடுவார்கள். நீ முன்னால் போய் நிற்பாய்.

"பிறந்தநாளுக்கு மெழுகுதிரிய அணைக்க மாதிரி இல்ல. வயித்துல இருந்து வரணும். உள்ள மிச்சம் ஒண்ணும் வைக்கப்பிடாது. இப்ப நான் ஊதுதேன், பாருங்க."

முகம் சிவக்க ஊதுவாய். பெண்கள் கைதட்டுவார்கள். அப்புறம் அவர்கள் ஒவ்வொருவராக ஊதுவார்கள். யார் ஊதினாலும் மிஷினில் ஓர் அடையாளம் போட்டே ஆக வேண்டும். உன் ஊதலுக்கு நாம் போட்ட அடையாளம் 'டெமோ'.

எண் குறைவாக வந்தவர்களை நீ சும்மா விட்டதில்லை. "நாளைக்குக் காலையில ரெடியா இருங்க, நான் கூட வாரேன்" என்று அவர்களை ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவாய். அது உன் வேலையில் சேராதது. நான் தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

நீ இருமுவாய். அது எனக்குத் தெரியும். ஒரு முறை அறுபதடிச் சாலையில் டீக்கடை முன்னால் நின்று, கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாய். "ஜெயா, டாக்டரிடம் காட்டினாயா?" என்று கேட்டேன். "தூசி மைனி. தாராவியில இருமாதவன் யாரு?" என்றாய். இன்னொரு முறையும் கேட்டேன். "காட்டணும்" என்றாய். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. இரண்டு முறை கேட்டால் போதும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் வார்டில் இருந்தாய். கடைசி மூன்று நாள் பேச முடியவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி அந்த இளம் டாக்டர் ஆசீரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். காய்ச்சல் வந்தது இப்போதுதான், நுரையீரல் இறுகத் தொடங்கி வருடக்கணக்கு ஆகியிருக்கும் என்றார். "இவங்க மூச்சை இதுக்கு முன்னாடி யாரும் அளந்து பார்க்கலையா?" என்று கேட்டார். இல்லை என்று ஆசீர் தலையாட்டினார். நானும்தான் இல்லை என்று தலையாட்டினேன். ஜெயா, அந்த நிமிடம் நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிப் பிரிவுகளைக் குறைப்பது என்று முடிவெடுத்தது. சிதறிக் கிடக்கும் ஆராய்ச்சிகளை நான்கைந்து பெரிய பிரிவுகளுக்குள் கொண்டுவர வேண்டுமாம். ஒரு குழு போட்டார்கள். ஒவ்வொரு பிரிவும் தான் ஏன் இருக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நம் பிரிவை எடுத்துவிடலாம் என்று முதல் பட்டியலிலேயே இருந்தது. காரணம் என்ன தெரியுமா? தாராவியையே இடித்துக் கட்டப்போகிறார்கள், கொட்டகைகள் வேறெங்கோ போகப்போகின்றன, பிறகு எதை ஆராய்வீர்கள் என்பதுதான். நீ இருக்கும்போதே கதவுகளில் பெயின்டில் நம்பர் எழுதத் தொடங்கிவிட்டார்கள் அல்லவா, இப்போது மேல்மாடிகளிலும் எழுதுகிறார்கள். கணக்கெடுக்க யார் போனாலும் வீட்டைப் பிடுங்க வந்தவர்கள் என்று ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள். நீ இல்லாமல் அந்தச் சந்துகளில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குழுவுக்குக் காட்டுவதற்காக நான்கு வருடத் தகவல்களையும் மறுபடி அலசித் தரும்படி குல்கர்னியைக் கேட்டேன். எங்கள் துறையில் புள்ளியியல் பார்ப்பவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. எதையும் மெதுவாகச் செய்பவர். உன்னை அவர் பார்த்ததே இல்லை. ஒரு நாள் மதியம் என் அறைக்கு வந்து மடிக்கணினியை மேஜையில் வைத்தார்.

"இந்த டெமோ என்பது யார் மேடம்?"

"அது ஆள் இல்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக ஊதியது."

"ஊதியது ஒரே ஆள்தானே?"

"ஆமாம்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். உன் ஊதல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாகப் புள்ளி வைத்து இணைத்திருந்தார். நான்கு வருடம். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி, இறங்கி, இறங்கி, வலது ஓரத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்திருந்தது. நடுவில் எங்கும் அது ஏறவில்லை.

"அப்படியானால் இந்த ஆளுக்கு இதை யார் சொன்னது?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தகவல்களைச் சுத்தம் செய்வதற்கு நான் எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன. அதில் முதல் விதி, 'டெமோ வரிகளை நீக்கவும்.' என் கையால் எழுதியது. ஒவ்வொரு மூன்று மாதமும் அந்த விதிப்படி உன் மூச்சை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களின் மூச்சைப் பார்த்தேன்.

அன்று மாட்டுங்காவில் இறங்கி, சயான் வழியாகச் செம்பூர் வரை நடந்தே போனேன். எந்தப் பாலத்தைக் கடந்தேன், எங்கே திரும்பினேன் என்று தெரியவில்லை. ஒரே கேள்விதான். உனக்குத் தெரியுமா ஜெயா? மிஷினில் எண் வந்து நிற்கும். அந்த எண்ணைப் படிக்க உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அடுத்தவரின் எண்ணைப் பார்த்து முகம் மாறுபவள், உன் எண்ணைப் பார்க்காமலா இருந்தாய்? பார்த்துவிட்டு என்னிடம் சொல்லவில்லையா? சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாயா?

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விடும் நேரம் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். ஷாரன் கதவைத் திறந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா ஆ ரஹே ஹைன், அத்தை, பைட்டோ" என்று, அப்பா வந்துகொண்டிருப்பதைப் பாதி இந்தியில் சொன்னாள். உன்னை மாதிரியே நாற்காலியைத் துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போட்டாள். ஆசீர் தோல் வெட்டும் வேலையில்தான் இருக்கிறார். கொஞ்சம் மெலிந்துவிட்டார். நல்ல சட்டையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

நான் குல்கர்னி போட்ட கோட்டுப் படத்தை எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

அவர் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். "அவ ஊதும்போது நீங்க பக்கத்துலயா இருந்திய?" என்று கேட்டார்.

"பல நாள் இருந்தேன்."

"நம்பர் மிஷின்ல தெரியும்லா?"

"தெரியும்."

"நீங்க பாக்கலையா அக்கா?"

"பார்க்கவில்லை ஆசீர். அது கணக்கில் சேராதது என்று நினைத்தேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வெளியே சந்தில் யாரோ அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள், அவரும் பதிலுக்குச் சொன்னார். ஷாரன்தான் பேசினாள். "அத்தை, நான் ஒருநாள் அம்மாகூட வந்தேன். முன்னாடி மூணு தடவ ஊதிக் காட்டுவா. அன்னைக்கு ஒரு தடவதான் ஊதினா. 'பஸ், சமஜ் கயா நா? போதும், புரிஞ்சுதுல்லா?'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா." அவள் சொன்னது சரி. கடைசி மாதங்களில் டெமோ வரிகளே குறைவு. குல்கர்னியின் படத்தில் வலது பக்கம் புள்ளிகள் விலகி விலகித்தான் இருக்கின்றன.

ஆசீர் திரும்பி வந்தார். "இப்ப இத வச்சு என்ன செய்யப் போறிய?"

குழுவிடம் காட்ட வேண்டும், கட்டுரையில் எழுத வேண்டும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். படிவத்தை நீட்டினேன்.

"அவ பேரு வருமா?"

"வராது. ஆய்வில் யார் பெயரும் வரக்கூடாது. அது விதி."

"பேரு இல்லாம அவ மூச்ச மட்டும் எடுத்துக்கிடுவியளோ?" என்றார். சத்தம் போடவில்லை. "நாலு வருசம் டெமோன்னு போட்டிய. இப்பவும் பேரு இல்லன்னா என்னத்துக்குக் கையெழுத்து? பேரு போடுங்க. போடுதேன்."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். விதி என்று அவரிடம் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்த விதி நல்ல விதிதான். ஆய்வுக்கு உட்பட்டவரைக் காப்பதற்காக வைத்தது. ஆனால் நீ ஆய்வுக்கு உட்பட்டவள் மட்டுமா? கேள்வி கேட்டது நீ. வீடுகளைத் திறந்தது நீ. நான்கு வருடத் தகவலைத் திரட்டியது நீ. இவ்வளவையும் செய்தவருக்கு எங்கள் உலகத்தில் வேறொரு பெயர் உண்டு. அது எனக்கு அன்று பஸ்ஸில்தான் உறைத்தது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, ஆசிரியர்கள் வரிசையில் உன் பெயர் வர வேண்டும். இறந்தவர் என்று ஒரு குறியோடு.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆசிரியராகப் பெயர் வந்தால் அந்தக் கோடு யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்றார்கள். தெரியட்டும் என்று குடும்பமே எழுதிக் கொடுத்தால் சரியா என்று கேட்டேன். ஆசீர் தமிழில் எழுதினார். ஷாரன் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள். ஒத்துக்கொண்டார்கள். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. வரும். முதல் பெயர் உன்னுடையது.

பிரிவுகளைக் குறைக்கும் குழு போன மாதம் கூடியது. தலைவர் மோசமானவர் இல்லை, கவனமாகக் கேட்டார். "கொட்டகைகள் போய்விட்டால் உங்கள் களம் எது?" என்றார். "ஆட்கள் எங்கேயாவது போய் அரைத்துக்கொண்டுதானே இருப்பார்கள் சார். அவர்கள் போகும் இடத்துக்கு நாங்களும் போவோம்" என்றேன். பிறகு உன் கோட்டைக் காட்டினேன். இது யாருடையது என்று சொன்னேன். உறுப்பினர் ஒருவர், "ஒரே ஒருவரின் தகவலை வைத்து எதையும் நிறுவ முடியாதே?" என்றார்.

"முடியாது. எங்கள் துறை பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை என்பதைக் காட்ட மட்டும் முடியும்" என்றேன்.

முடிவைச் சொல்கிறேன், பெரிதாகச் சந்தோஷப்படாதே. நம் பிரிவு தனியாக இல்லை. சுற்றுச்சூழலும் உடல்நலமும் என்ற பெரிய பிரிவுக்குள் ஓர் உட்பிரிவு. இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். பலகையை இன்னும் மாற்றவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. எந்த ஆய்வுக்கும் களத்துக்குப் போகிறவர்களுக்கு முதலில் பரிசோதனை, முடிவை முதலில் அவர்கள் கையில் கொடுப்பது, அதை ஒரு மருத்துவர் படிப்பது என்று தலைவரே எழுதிச் சேர்த்தார். இப்போது நம்மிடம் வேலை செய்யும் நான்கு பெண்களும் போய்வந்தார்கள். ஒருத்திக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

இத்தோடு என் கால் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. உன் வரிகளை மட்டும்தானா நான் நீக்கினேன்? என் விதிகளில் இரண்டாவது விதி, 'தரமற்ற ஊதல்களை நீக்கவும்.' பாதியில் இருமி, முழுதாக ஊத முடியாமல் போனவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். யோசித்துப் பார், ஊத முடியாத அளவுக்கு இருமுகிறவரைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? அவர்களை எடுத்துவிட்டு, ஊத முடிந்தவர்களை வைத்துக் கட்டுரை எழுதினேன். குல்கர்னியிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கினேன். இரண்டு வாரமாக வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போகிறேன்.

முதலில் தேடிப் போனது பாக்கியம் என்ற அம்மாவை. கொட்டகை வேலையை விட்டு, இப்போது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மகனோடு இருக்கிறார். ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறார். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஜெயராணி கூட வந்த அம்மாதான? அவள எங்க?"

சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் எதற்கு வந்தேன் என்று சொன்னேன். உங்கள் ஊதலைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம், ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நான் அப்பமே போயிட்டேனே. இருமிட்டேன்னு நீங்க மிஷின எடுத்துட்டுப் போயிட்டிய. மறுவாரம் அவ மட்டும் தனியா வந்தா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி சீட்டு எடுத்துக் குடுத்தா. இந்தா, இன்னைக்கும் அந்த மருந்ததான் இழுக்கேன்." மூச்சில் இழுக்கும் மருந்துக் குழலைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அவரே சொன்னார்: "வரிசையில நிக்கும்போது அவளும் இருமினா. நீ காட்டிக்கிட்டியாட்டின்னு கேட்டேன். 'எனக்கு எங்க மைனி இருக்காவ, அவிய பாத்துக்கிடுவாவ'ன்னா."

ஜெயா.

இதை எழுதிவிட்டு எழுந்து இரண்டு முறை நடந்துவிட்டு வந்தேன். உனக்குத் தெரியுமா என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கு இதுதான் பதிலா? நான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஊதினாயா? இல்லை, அந்த அம்மாவின் வாயை அடைக்க அப்படி ஒரு பேச்சுச் சொன்னாயா? எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டபின் பழைய ஆளாக இருக்க என்னால் முடியாது.

அதற்கப்புறம் போன வீடுகளிலும் அநேகமாக இதே கதைதான். தள்ளிவிட்ட ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நீ தனியாகப் போயிருக்கிறாய். ஒருவர் சொந்த ஊர் போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர்கள் உன் பெயரைச் சொல்லி மருந்துச் சீட்டைக் காட்டுகிறார்கள். ஆனால் உன் கடைசி ஆறு மாதத்தில் விட்டுப்போன வீடுகள் சில இருக்கின்றன. நேற்று முன்தினம்தான் கவனித்தேன். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறாய். இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டிய மேல்மாடி வீடுகளுக்கு மட்டும் நீ போகவில்லை. ஒரு வீட்டில், கீழே நின்று பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாய் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அரைக்கும் மிஷின் சத்தத்தில் மேலே அவர்களுக்குக் கேட்கவில்லையாம்.

உனக்கு ஒரு சொல் கொடுக்கிறேன். அந்த ஏணிகளை நான் ஏறுகிறேன். ஒன்றையும் விடமாட்டேன். கதவில் எந்த நம்பர் எழுதியிருந்தாலும், அவர்களை எந்த மூலைக்கு மாற்றினாலும் தேடிப் போவேன். முடிவை அவர்கள் கையில் கொடுத்து, வரிசையில் கூட நிற்பேன். முதல் ஏணியை இன்று காலை ஏறினேன். பழைய பிளாஸ்டிக் டப்பா பிரிக்கும் ஓர் அம்மா, உன் வயது இருக்கும், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று யார் அனுப்பியது என்று கேட்டார். ஜெயராணி என்று சொன்னேன். உள்ளே வரச் சொன்னார்.

என்றும் உன்
மைனி விஜயா